சார்டின் டின்னோடு லேடாங் மலைக்கு

சார்டின் மீன் டின் என்றால் இன்றும் எனக்கு ஆகாது. கடையில் அந்த அலமாரிப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின் கடைசி வருடங்கள். எங்கள் பக்கம் ஊரடங்கு எடுத்தாகிவிட்டது. போலீசில் சொல்லிவிட்டு லேடாங் மலையைப் பகலில் ஏறி இறங்கலாம் என்று ஆனதும், மலாக்கா டவுனில் நான் வேலை பார்த்த ஆபீசிலிருந்து சிலர் கிளம்பினோம். என் தொப்பையைப் பார்த்து ஆபீசே சிரித்தது. அதனாலேயே உச்சியில் நின்று காட்டியே தீருவது என்று எனக்கு வெறி.

தலைவர் எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். "ஒருத்தரும் தனியாப் போகப்படாது. கொண்டுபோற குப்பை முழுக்கக் கீழ வரவேணும். சுமையைத் தூக்கி இப்பவே பழகுங்கோ" என்றார். ஆகவே தினமும் வேலை விட்டதும், மலைக்கான பையை முதுகில் மாட்டிக்கொண்டு புக்கிட் சீனா ஏறினோம். அது சீனர்களின் இடுகாட்டுக் குன்று.

மலையில் தின்பதற்குச் சார்டின் வாங்க, அக்கா இருந்த ரப்பர் தோட்டத்துக் கடைக்குப் போனேன். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரக்கூடாதென்று, டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என வருடக்கணக்கில் உத்தரவு இருந்தது. உத்தரவு போய்விட்டது, கடைக்காரரின் கைக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை. டின்னை எடுத்தார், ஆணியை வைத்தார், 'டொக்'.

"அண்ணே! அதான் தடை போயிருச்சே!"

"அட, கை பழகிப் போச்சு லா. இதான் கடைசி டின்னு. இன்னைக்கே கொழம்பு வச்சிரு தம்பி."

புத்தியுள்ளவன் குழம்பு வைத்திருப்பான். அக்காவின் புருஷன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நான் அவருடைய வாளியில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை வழித்து ஓட்டையை அடைத்துக் காயவைத்தேன். டின்னைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"ஊசிப்போயிரும் மச்சான்" என்றார் அவர்.

"காத்தே போகாது மாமா. கம்பெனிக்காரனே இப்படி அடைக்க மாட்டான்."

அந்த டின்னோடு வெயிலில் நாள் தவறாமல் குன்று ஏறினேன். டின் உப்பி முதுகை உறுத்தியது. உடம்புக்குச் சுமை பழகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மலைக்குப் போக இரண்டு நாள் இருந்தபோது, கல்லறைகளுக்கு நடுவே என் முதுகில் 'டப்' என்றது. சட்டைக்குள் சிவப்பாக ஏதோ வழிந்தது.

"ஐயோ, ரத்தம்! சுட்டுட்டானுங்க!" என்று பின்னால் வந்த டைப்பிஸ்ட் கத்த, அத்தனை பேரும் கல்லறைகளுக்குப் பின்னால் குப்புற விழுந்தோம். நானும் சாகத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் அந்த நாற்றம் எழுந்தது. செத்த எலியை வினிகரில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தது மாதிரி. நுரைத்த தக்காளிச் சாறு முதுகுத்தண்டு வழியே இறங்கி, சொல்லக்கூடாத இடத்தில் போய்த் தங்கியது.

"யாரையோ சரியாப் புதைக்கல போல" என்றான் டைப்பிஸ்ட், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பெரிய கிராணி கைக்குட்டையோடு வந்து என் பையைக் குச்சியால் திறந்தார். உள்ளே டின்னின் ரப்பர் அடைப்பு தெறித்து, மீன் கூழாகக் கிடந்தது. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

"மேல போய் இதைத் திண்டிருந்தா உம்மை ஆர் தூக்கிக்கொண்டு இறங்கிறது? நீர் அடிவாரத்தில இரும். இருட்டுக்கு முதல் நாங்கள் வராட்டிப் போலீசுக்குச் சொல்லும்."

பையைச் சவுக்காரம் போட்டு எத்தனையோ முறை துவைத்தேன். நாற்றம் அசையவில்லை. மலை நாளன்று அவர்கள் ஏறினார்கள். நான் அடிவாரத்தில் ஈ ஓட்டினேன். சாயங்காலம் வந்து இறங்கியவர்களின் கையில் எச்சில் இலை, பழத்தோல், அட்டை கடித்த ரத்தத்தைத் துடைத்த துணி.

"உம்மட பையைத் திறவும்" என்றார் பெரிய கிராணி.

"என் பையா? ஏன் சார்?"

"அதுக்கு மேல இனி என்ன நாறப்போகுது?"

குப்பை முழுவதையும் அதில் திணித்தார்கள். திரும்பும் வழியில் லாரியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மறுநாள் ஆபீஸ் பியூன், "உச்சி எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டான். அங்கிருந்து வந்ததையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தானே.

"நாறுது" என்றேன்.