சம்மன் அனுப்பிக் கூட்டம் சேர்த்தவள்

எங்கள் சட்டக் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே, பேராசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று “ஆட்சேபணை” என்றாள். அன்றோடு அதுவே பெயராகிவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கும் அவளுடைய அப்பாகூட, “என்னம்மா ஆட்சேபணை, வீட்டுக்கு வர்ற உத்தேசம் இருக்கா?” என்றுதான் போனில் கேட்பார்.

மூன்றாம் ஆண்டில் மாணவர் சொற்பொழிவுக் குழுவுக்கு அவள் செயலாளர், நான் துணைச் செயலாளர். துணைச் செயலாளர் என்றால் நாற்காலி போடுகிறவன் என்று அர்த்தம். மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடக்கும். பெயர்தான் பொது. வருகைப் பதிவுக்காக இழுத்துவரப்பட்ட முதலாமாண்டுப் பிள்ளைகளும், முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு ஆழ்ந்து சிந்திக்கும் பேராசிரியர்களும்தான் கூட்டம். வெளியாள் என்று பார்த்தால், மழைக்கு ஒதுங்கிய யாராவது ஒருவர். கடைசியில் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்: “இனிமேலும் வெளி ஆளுங்க வரலைன்னா இதை நிறுத்திடலாம். அரங்கத்தைப் பரீட்சை ஹாலா மாத்திக்கறேன்.”

ஆட்சேபணைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“சட்டம் எல்லாருக்கும் பொதுன்னு வாய் கிழியப் பேசறோம். பின்தெருவுல இருக்கறவங்க ஒருத்தர்கூட இந்த வாசலை மிதிச்சதில்லை. வர வெச்சுக் காட்டறேன் பாரு” என்றாள்.

அழைப்பிதழை அவளே எழுதினாள். அது அச்சு அசல் நீதிமன்றச் சம்மன் போலவே இருந்தது. ‘தாங்கள் தவறாமல் நேரில் ஆஜராக வேண்டியது. தவறினால் தங்கள் தரப்பைக் கேட்காமலேயே முடிவெடுக்கப்படும்.’ கீழே ஒரு வட்ட முத்திரை. பேச்சின் தலைப்பே ‘எதிர்த்தரப்பையும் கேள்’ என்பதால், என்னே பொருத்தம் என்று குழுவே வயிறு வலிக்கச் சிரித்தது. சம்மனைப் பார்த்துச் சிரிக்க முடிவது சட்டம் படிக்கிறவர்களால் மட்டும்தான். அது எங்களில் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை. பின்தெருக் குடியிருப்பில் கதவுக்குக் கதவு செருகிவிட்டு வந்தோம்.

கூட்டத்தன்று அரங்கம் பிதுங்கியது. பேச வந்த ஓய்வுபெற்ற நீதிபதிக்கே ஆச்சரியம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நான் கூடுதல் நாற்காலிக்கு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். வந்தவர்கள் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. மடியில் பத்திரங்கள், ரசீதுகள். சலவைக்கடையில் இஸ்திரி போடும் அம்மா ஒருவர் காலடியில் பெரிய பையோடு இருந்தார்.

“எதுக்கும்மா பை?”

“உள்ள தள்ளிட்டாங்கன்னா மாத்துத்துணி வேணாமா தம்பி?”

எங்கள் சம்மனை நிஜம் என்றே நம்பி வந்திருக்கிறார்கள். ஓடிப்போய் ஆட்சேபணையிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. அதற்குள் நீதிபதி பேசத் தொடங்கிவிட்டார். இரண்டு வாக்கியம்கூட முடிந்திருக்காது, இஸ்திரிக்கார அம்மா எழுந்து நின்றார்.

“ஐயா, என்னை எப்பங்க கூப்பிடுவீங்க? கடையை அப்படியே போட்டுட்டு வந்திருக்கேன்.”

எங்கள் மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆட்சேபணை நேராக மேடையேறி மைக்கை வாங்கினாள். “உங்க யார் மேலயும் எந்தக் கேஸும் இல்லை. அந்தக் காகிதத்தை எழுதினது நான். விளையாட்டுன்னு நெனச்சேன். உங்களைப் பயமுறுத்தினது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க.”

பாதிப் பேர் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். ஒருவர் சம்மனைக் கசக்கி மேடைமேல் எறிந்தார். அவள் அசையாமல் நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். இஸ்திரிக்கார அம்மா மட்டும் உட்காரவே இல்லை.

“கேஸ் இல்லைன்னா சந்தோஷம்மா. ஆனா நான் சொல்ல வந்தது அப்படியே நிக்குதே. வீட்டு ஓனர் பூட்டை மாத்திட்டாரு. பாதி சாமான் உள்ள கெடக்கு. அதைத்தான் கேக்கப்போறீங்கன்னு நெனச்சு, என்ன சொல்லணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வந்தேன்.”

போதும், முடித்துவிடு என்று முதல்வர் மேடையோரத்திலிருந்து கையைக் காட்டினார். ஆட்சேபணை அவரைப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போய் மைக்கை அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். நீதிபதி தன் தாள்களை மடித்து வைத்துவிட்டு, “பூட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களாம்மா?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்குப் பின் இன்னொருவர் எழுந்தார், அவருக்குப் பின் வேறொருவர். சொற்பொழிவு கடைசிவரை நடக்கவில்லை.

மறுநாள் முதல்வர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். சம்மன் அடித்ததற்கும் கூட்டத்தைக் குலைத்ததற்கும் சேர்த்து அவளிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்.

“சம்மனுக்கு எழுதித் தரேன் சார். அது என் தப்பு. அவங்களைப் பேச விட்டதுக்கு எழுத மாட்டேன்.”

“அப்போ நீ செயலாளர் இல்லை.”

“சரிங்க சார்.”

“நீ அடிச்ச கூத்துக்கு, இனி அந்தத் தெருவுலேர்ந்து ஒரு ஈ காக்கா வருமா? அடுத்த மாசம் பாக்கத்தானே போறேன். அதோட இழுத்து மூடிடுவேன்.”

நாற்காலி போடுகிறவன் செயலாளர் ஆனேன். பதவி போனவளோ அன்று மாலையே பின்தெருவுக்குக் கிளம்பினாள். எந்தெந்தக் கதவில் செருகினோமோ அந்தந்தக் கதவைத் தட்டினாள். சிலர் முகத்திலடித்தாற்போல் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு மறுநாளும் போனாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, “அடுத்த கூட்டத்துல நீங்க பேசலாம், நாங்க கேக்கறோம். இஷ்டம் இருந்தா வாங்க” என்று வாயாலேயே கூப்பிட்டாள். கூடவே நடந்த எனக்குக் கால் வலியும் அவநம்பிக்கையும்தான் மிச்சம்.

அந்த நாள் வந்தது. பின்தெருக்காரர்கள் நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசைகளை நிரப்பிவிட்டார்கள். அவை பேராசிரியர்களுக்கு என்று அவர்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. தாமதமாக வந்த முதல்வர் இடம் தேடி அலைந்து, நடுவில் ஒரு காலி நாற்காலியைக் கண்டு அப்பாடா என்று உட்கார்ந்தார். இஸ்திரிக்கார அம்மா அவர் தோளைத் தட்டினார்.

“ஐயா, கோச்சுக்காதீங்க. இது என் மருமகளுக்குப் பிடிச்சு வெச்ச எடம்.”

முதல்வர் எழுந்தார். வேறு இடமில்லாததால், கதவோரம் நின்றிருந்த ஆட்சேபணையின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.