சிவந்துபோன பனியன்

எங்கள் குப்பத்துப் பெண்பிள்ளைகளின் கூடைப்பந்து அணி முதன்முதலாக வெளியே ஆடப் போனது நந்தனத்துக்கு. துணைக்குப் போனவள் நான். மொத்தமே ஐந்து பேர். ஒருத்தி குறைந்தாலும் ஆட விடமாட்டார்கள்.

புதுத்துணி ஆயிற்றே என்று ஐந்து வெள்ளைப் பனியனிலும் நானே மஞ்சள் வைத்திருந்தேன். மைதானத்தில் பார்த்தால் ஒருத்திக்கு அது நெஞ்சில் அப்பிக் கிடந்தது. குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தமாகச் சிவந்துவிட்டது.

நடுவர் தடுத்தார். "ரத்தக் கறையோட ஆட முடியாதும்மா. வேற பனியன் போடச் சொல்லுங்க."

வேறு பனியன் ஏது? "ரத்தம் இல்ல நைனா, மஞ்சளு. சோப்பு பட்டு இப்டி ஆயிட்ச்சு."

"யார்கிட்ட கதை விடறீங்க? அஞ்சு நிமிஷம்தான்."

"இன்னா பெரிம்மா, மேட்சே பூட்ச்சா?" என்று அந்தப் பெண் அழுதாள்.

எதிரே ஜூஸ் கடைக்கு ஓடினேன். எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, நடுவர் கண் முன்னாலேயே கறைமேல் பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"சரி, ஈரத்தோடயே போய் ஆடு."

அன்று தோற்றோம்தான். ஆனால் ஐந்து பேரும் கடைசி வரை ஆடித்தான் தோற்றோம்.