மைக்கில் சொன்ன நன்றி

வெண்கலச் சொம்பில் கரி நெருப்பைப் போட்டு, புருஷனின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் குஞ்சம்மாள். குமாரபாளையம் நெசவாளர் சங்கம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த அர்த்தநாரிக்கு மாதம் இரண்டு சட்டையாவது இப்படி மடிப்புக் கலையாமல் வேண்டும். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் கடைசியில் நன்றியுரை அவர்தான். தலைவர் பேசியது மறந்துபோகும். சோடாக் கடைக்காரர் முதல் மைக்செட் ஆள் வரை ஒரு பேர் விடாமல் இவர் சொன்னது மறக்காது. ‘நன்றி அர்த்தநாரி’ என்று எழுதினால் போதும், தபால் வீடு வந்து சேரும்.

அன்றைக்குச் சட்டை சொந்த மகளின் காதுகுத்துக்கு. எழுபத்தெட்டாம் வருஷம், தை மாதம்.

“இது நம்மூட்டு விசேஷமுங்க. மைக்குப் பக்கம் போயிராதீங்க.”

“எனக்கென்ன பைத்தியமா?” என்றார் அர்த்தநாரி.

பரமத்தி வேலூரிலிருந்து குஞ்சம்மாளின் அண்ணன் பொன்னன் வந்திறங்கினார். நாலு வாழைத்தார், ஒரு கூடை வெற்றிலை, பட்டுப்பாவாடை, தோடு, எல்லாம் தாய்மாமன் சீர். மருமகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரி காதைத் தொடும் முன்பே அவர் கண்ணில் தண்ணீர் விட்டார். பிள்ளை சமாளித்துக்கொண்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பாட்டு நின்றது. மைக் சும்மா கிடந்தது. அர்த்தநாரியால் சும்மா இருக்க முடியவில்லை.

“பந்தல் அமைத்துத் தந்த சடையன் அவர்களுக்கும், சுவையான சாம்பார் வைத்த ஆண்டி அவர்களுக்கும், தமது பல வேலைகளுக்கிடையே வருகை தந்து மடி கொடுத்துச் சிறப்பித்த தாய்மாமன் திரு. பொன்னன் அவர்களுக்கும் நன்றி, நன்றி, நன்றி!”

இலை முன் உட்காரப்போன பொன்னன் நிமிர்ந்தார்.

“ஏ குஞ்சு, உம்புருஷன் என்னைய வாடகைக்கா கூட்டியாந்தாரு? எம்மருமவளுக்கு நான் செய்யறேன். அதுக்கு இவரு யாரு நன்றி சொல்ல?”

துண்டை உதறித் தோளில் போட்டவர், சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு மாதம் வேலூரிலிருந்து ஒரு பேச்சில்லை. குஞ்சம்மாள் அழவுமில்லை, திட்டவுமில்லை. சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். திட்டியிருந்தால் தேவலை. அர்த்தநாரி இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி அவளிடம் வாசித்துக் காட்டினார்.

“இதையும் நன்றின்னே முடிச்சிருக்கறீங்களே!” தாளைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். “நேராப் போயி எங்கண்ணனைக் குறை சொல்லுங்க.”

“இருக்கற கோவத்துல குறை வேறயா?”

“சொந்தக்காரனாட்டம் சண்டை போடுங்க. சீரு பத்தலைன்னு சொல்லுங்க. தப்பித்தவறி அந்த வார்த்தை வாயில வந்துச்சுன்னா, அங்கயே இருந்துக்குங்க.”

பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது, பொன்னன் வீட்டுக்குள் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். “வாங்க” என்றதோடு சரி. அர்த்தநாரிக்கு எந்த மேடையிலும் வராத நடுக்கம் வந்தது.

“ஏனுங்க மச்சான், நாலு தார் கொண்டாந்தீங்களே, ரண்டு பழுக்கவே இல்லீங்க. பாதிப் பேரு எலையில பழமில்ல. ஊரே சிரிச்சுப் போச்சு.”

பொன்னன் கை நின்றது. “என் தோட்டத்துப் பூவன் பழுக்கலையா? பேசத் தெரியுது, புகை போட்டுப் பழுக்க வெக்கத் தெரியலையாக்கும்?”

“பிஞ்சை வெட்டிட்டு வந்தா புகை என்னங்க பண்ணும்?”

“பிஞ்சா!” பொன்னன் முகத்தில் ரத்தம் ஏறி, அப்படியே சிரிப்பாக உடைந்தது. சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார்: “ஏ புள்ள, மாப்பிள்ளை பேச்சைக் கேட்டியா? எலையைப் போடு. அப்பவாச்சும் வாய் அடங்குதான்னு பாப்போம்.”

அர்த்தநாரிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. இறங்கிய கையோடு பழைய வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து அதை உள்ளே தள்ளினார்.

“இந்தத் தடவை ரண்டு தாராக் குடுங்க மச்சான். நல்லா வெளைஞ்சதாப் பாத்து வெட்டோணும்.”

பொன்னன் எழுந்தார். கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் வெளியே போனார்.