மாற்றித் தின்ற மாத்திரை

என் அக்காவைக் கட்டிய மச்சான் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்பார். சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவார். அந்த ஆளுக்கே நெஞ்சுவலி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் புது இதய மருந்து ஆராய்ச்சியில் சேர்த்தார்கள்.

பாதிப் பேருக்குப் புது மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. நர்சம்மா விளக்கமாகச் சொன்னார். மச்சானுக்கு நன்றாகவே புரிந்தது. வம்பே அதில்தான்.

அங்கே பெஞ்சில் ஒரு டெய்லர் பழக்கமானார். அவருக்கும் அதே ஆராய்ச்சிதான். இரண்டு பேரும் சேர்ந்தால் அந்த இடம் ஆஸ்பத்திரி மாதிரியே இருக்காது. நான்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். அந்தக் காலைகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

"என்ன லிஃப்டு, இன்னும் மேல போகலையா?"

"உன்னைப் பொட்டலம் கட்டி அனுப்பிட்டுத்தான்யா நான் போவேன்."

சில மாதத்தில் மச்சான் பேசிக்கொண்டே மாடி ஏறினார். டெய்லருக்கோ மிஷினை மிதிக்க மூச்சு இல்லை. கடையை விற்கப்போவதாகச் சொன்னார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. தனக்கு நிஜ மருந்து, அவருக்கு மாவு என்று தானே முடிவுகட்டி, டெய்லர் வேண்டாம் என்றும் கேட்காமல் பெஞ்சிலேயே டப்பாக்களை மாற்றிவிட்டார். டெய்லர் தேறினார். மிஷின் மறுபடி ஓடியது.

குட்டு உடைந்தது அக்காவால். "மாத்திரை ஒழுங்கா போடுறாராம்மா?" என்று நர்சம்மா கேட்க, "டெய்லர் அண்ணன் மாத்திரையைத்தானே? தவறாம போடுறாரு" என்றாள்.

நர்சம்மா தலையில் கைவைத்தார். "எத்தனை பேரோட உழைப்பு தெரியுமா! மாத்தித் தின்ன இதென்ன மிட்டாயா?"

இருவரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். எதைத் தின்றார்கள் என்று தெரியாமல் மேற்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாதே! டாக்டர் மேலிடத்தில் கேட்டுவந்து சொன்னார். மச்சானுக்குக் கொடுத்தது மாவு. டெய்லருக்குக் கொடுத்ததுதான் மருந்து.

மச்சான் உடைந்துபோனார். "உன் மருந்தைப் புடுங்கித் தின்னுட்டேனே, டெய்லரே. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அட போய்யா! மருந்து தின்னப்போ கடையை விக்கப் பாத்தேன். உன் மாவுலதான் எந்திரிச்சேன். மிச்சம் இருந்தா குடு."

டாக்டரே சிரித்துவிட்டார். பிறகு இருவருக்கும் வழக்கமான மருந்தை எழுதி, "அவங்கவங்க மாத்திரையை அவங்கவங்கதான் போடணும்" என்று கண்டித்து அனுப்பினார்.

இப்போது இருவருமே இல்லை. டெய்லர் கடைசிவரை கடையை விற்கவில்லை. அப்போதெல்லாம் சாயங்காலம் மச்சானைக் கூப்பிட நான் அங்கேதான் போவேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்கும்.

"உன்னுதைத்தானே போட்டே? வாயைத் திற, பாப்போம்."

"நீ முதல்ல திறடா."