நனைந்த கடலையில் ஓடிய எஞ்சின்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் லேபில் ஓவன் ஒன்று அடிக்கடி மக்கர் பண்ணும். அதைச் சரிசெய்ய மெயின்டனன்ஸிலிருந்து ஒருவர் வருவார். முகம் தெரியும், அவ்வளவுதான். வேலையை முடித்து, சுற்றிலும் துடைத்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"மேடம், நீங்க கெமிஸ்ட்ரி தானே? ஒரு டவுட்டு. கடலெண்ணெயில டீசல் பண்ணலாம்னு பாத்தேன். சோப்பு மாரி கட்டியாயிப்போச்சு. இன்னா மிஸ்டேக்குன்னு தெர்ல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

மண்ணூரில் அவர்கள் வீட்டை ஒட்டி ஒரு ஏக்கர் நிலம் இருந்தது. அப்பா இல்லை, அம்மாதான் பயிர் வைக்கிறார். கிணற்றுக்குக் கரண்டு இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துப் பல வருடமாகியும் முறை வரவில்லை. டீசல் எஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. அந்த ஐப்பசியில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மண்ணுக்குள்ளேயே பாதிக் கடலை முளைத்துவிட்டது, மீதியில் பூஞ்சை. வியாபாரி தொடவில்லை, மாட்டுக்கும் போடக்கூடாது. அதைக் கொட்ட மனமில்லாமல் மில்லில் ஆட்டி எண்ணெயாக்கி, வீடியோ பார்த்து டீசலாக்க முயன்றிருக்கிறார்.

"எண்ணெய் புளிச்சிருக்கும். புளிப்பு எவ்வளவுன்னு பாக்காம காரத்தப் போட்டா சோப்புதான் வரும். கொஞ்சம் கொண்டாங்க, பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.

"சொல்லுதேன்" என்றதும்தான் அவர் சிரித்தார். "எந்தூர் மேடம் நீங்க?"

கோவில்பட்டிப் பக்கம் என்றேன். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கால் பாட்டில் எண்ணெய், கலங்கலாக, ஊறுகாய் கெட்டுப்போன வாசனையோடு. பக்கத்தில் நின்ற என் ஹாஸ்டல் தோழி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு யாரும் அதற்கு முன் எதுவும் கொடுத்ததில்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் படிப்பை நம்பி ஒருவர் கொடுத்தது அதுதான் முதல். கம்பெனி லேபில் அளப்பதென்றால் ஆறு மாதமாகச் செய்த அதே பெயின்ட் சோதனைகள்தான். காலேஜில் படித்த எதையும் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

பாரிமுனைக்குப் போய், காரத்துக்குக் காஸ்டிக் சோடா, புளிப்பைச் சோதிக்க நிறம் காட்டும் திரவம் என்று எனக்கு வேண்டியதை நானே வாங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோழியையும் இழுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலிலிருந்து மண்ணூருக்குப் போனேன். அவருடைய அம்மா வாசலில் நின்று எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எண்ணெய் பாக்க ரெண்டு பேரா?" என்று மகனைக் கேட்டார். மகன் டம்ளர் எடுக்க உள்ளே போய்விட்டார்.

எவர்சில்வர் டம்ளரில் எண்ணெயை ஸ்பிரிட்டில் கரைத்து, காரத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இளஞ்சிவப்பு நிறம் வந்து நிலைக்கும்வரை எண்ண வேண்டும். அவர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து வாய்க்குள் எண்ணினார். பதினான்காவது சொட்டில் நிறம் நின்றது. எவ்வளவு காரம் கூடுதலாகப் போட வேண்டும் என்று காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

மெத்தனால் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. விஷம். பெயர், முகவரி, எதற்கு என்றெல்லாம் எழுதிக் கொடுத்துத்தான் அவர் வாங்கிவந்தார். கொல்லையில், திறந்த வெளியில், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கலக்கினோம். கை பொறுக்காத சூட்டில் எண்ணெய், அதில் நான் கரைத்துக் கொடுத்த காரம். சாயங்காலத்துக்குள் கேனின் அடியில் கருப்பாகக் கிளிசரின் இறங்கி, மேலே தேன் நிறத்தில் தெளிவு நின்றது.

அடுத்த ஞாயிறு அதைக் கழுவினோம். மிச்சமிருக்கும் காரம் போக, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அவர் பூவாளியால் தண்ணீரைத் தெளித்தார், மழைத்தூறல் மாதிரி. தண்ணீர் எண்ணெயின் ஊடே இறங்கி அடியில் சேரும், அதை வடித்துவிட்டு மறுபடி தெளிக்க வேண்டும். ஒரு மனிதர் இவ்வளவு பொறுமையாக ஒரு காரியம் செய்வதை நான் பார்த்ததில்லை. தோழி ரெண்டு தடவை டீ குடித்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தலைவலி என்று ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

கழுவித் தெளிந்ததை எஞ்சினில் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினார். இருமி இருமி நின்றது. மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புகையில் வடை சுடுகிற வாசனை வந்தது. குழாயில் தண்ணீர் விழுந்ததும் அவர் அம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்து, "யார்டா எண்ணெய்ச் சட்டி வச்சது?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டோம்.

அதற்கடுத்த வாரம் வல்லக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொன்னார்: "முருகர்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டதான் இன்னும் சொல்லல."

"அவர் என்ன சொன்னாரு?" என்றேன்.

"உன்னாண்ட கேக்கச் சொல்லிட்டாரு." அன்றுதான் 'நீங்க' 'நீ' ஆனது.

கல்யாணம் நடந்தது. இரண்டு வீட்டிலும் முகம் சுளித்தார்கள், பிறகு சாப்பிட்டார்கள். அத்தை என்னைத் திட்டியதில்லை, என்னோடு அதிகம் பேசியதுமில்லை. நான் ஜெனரல் ஷிப்ட், அவருக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும். நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது நான் திரும்பும்போது அவர் வேலையில் இருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர் சாப்பிட்டு வைத்த தட்டைக் கழுவியே அவர் வந்துபோனதைத் தெரிந்துகொண்ட நாட்கள் உண்டு. ஞாயிறுதான் எங்களுக்கு. மழையில் கெட்ட கடலை மட்டுமில்லை, வரப்பில் நின்ற ஆமணக்கு, தெருவில் உதிர்ந்த புங்கங்காய் என்று எதெதையோ ஆட்டிப் பார்த்தோம். ஆமணக்கு கூழாகிப்போனது. எது சரியாக வந்தது, எது வரவில்லை என்பது இப்போது எனக்குப் பெரிதாக ஞாபகமில்லை. கேனுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் என்பதுதான் ஞாபகம்.

மூன்றாம் வருடம் கம்பெனி ஹங்கேரியில் ஒரு ஆலை தொடங்கியது. இங்கிருந்து போகும் மெஷின்களை அங்கே நிறுத்தி ஓடவைக்க ஆள் கேட்டார்கள். ஒன்றரை வருடம். அவர் பெயர் லிஸ்டில் இருந்தது.

"போகட்டா?" என்று கேட்டார்.

"போயிட்டு வாங்க" என்றேன். வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் இரு என்று சொன்னதில்லை. அப்பா ஊர் ஊராக வேலைக்குப் போனார், அம்மா பையை எடுத்துக் கொடுப்பாள்.

அந்த ஐப்பசியிலும் மழை ஏமாற்றவில்லை. இரண்டு மூட்டைக் கடலை கெட்டது. ஆட்டி எண்ணெயாக்கி, அவர் வந்ததும் சேர்ந்து செய்யலாம் என்று மூடி வைத்தேன். மாதம் ஒருமுறை எடுத்துச் சோதித்தேன். முதல் மாதம் பதினாறு சொட்டு. அடுத்த மாதம் இருபத்தொன்று. கெட்ட எண்ணெய் நின்றால் இன்னும் புளிக்கும். தை பிறந்தபோது இருபத்தாறு. இனியும் வைத்திருந்தால் எதற்கும் உதவாது. அவருக்காக அதை வைத்திருக்க முடியாது என்று தெரிந்த அன்று கொல்லையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எண்ணெய்க்கு யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

தனியாகவே செய்தேன். கலக்கியது சரியாக வந்தது. கழுவும்போதுதான் கெட்டது. அவரைப் போல் பூவாளியால் தெளிக்காமல், சீக்கிரம் முடியட்டும் என்று தண்ணீரை ஊற்றிக் கேனைக் குலுக்கிவிட்டேன். மொத்தமும் பால் மாதிரி வெளுத்துப்போய், மறுநாள்வரை பிரியவே இல்லை.

அத்தை வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி, பாலாட்டம் கீது?"

"அவசரப்பட்டுட்டேன் அத்தை. உப்புத் தண்ணி விட்டா பிரியும். கொஞ்சம் கல்லுப்பு இருக்கா?"

அத்தை ஜாடியையே தூக்கிவந்தார். சுடுதண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றினேன். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேனின் மறுபக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் ஆனது. அடியில் ஒரு கோடு மாதிரித் தண்ணீர் தெரிய ஆரம்பித்தது.

"பிரியுது பாரு" என்றார். பிறகு கேனைப் பார்த்துக்கொண்டே, "நீ அவன போவாதன்னு ஒரு வார்த்த சொல்லிர்க்கலாம். நானும் சொல்லல. நீ சொல்லுவன்னு இருந்துட்டேன்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். ஒன்பது மாதமாக அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே ஆளுக்காக ஏங்கிக்கொண்டு, தனித்தனியாகச் சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம்.

ஞாயிறு மத்தியானம் அவர் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே காலை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி.

"இன்னும் ஆறு மாசம் சேத்து இருக்கச் சொல்றாங்க. இன்னா சொல்ட்டும்?"

அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். "வந்துருங்க."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். முகம் அசையாமல் இருந்தது, ஆனால் கண்ணை இமைத்தார்.

"நீ இப்படிக் கேட்டதே இல்லியே."

"இப்ப கேக்கேன்."

அவர் கூடுதல் ஆறு மாதத்தை மறுத்துவிட்டார். மேனேஜருக்கு வருத்தமாம், இருக்கட்டும். மாசியில் பன்னிரண்டு நாள் லீவும் கிடைத்தது. அதில் எனக்கு நான்கு நாள்தான் லீவு கொடுத்தார்கள். முதல் நாள் முழுக்கத் தூங்கினார். நானும் அத்தையும் மாறி மாறி அறைக்குள் எட்டிப் பார்த்தோம். இரண்டாம் நாள் நிலத்துக்குப் போனோம். நான் செய்த எண்ணெயில் எஞ்சின் ஓடியது. மெலிந்திருந்தார், கன்னத்தில் குளிர் பட்ட கருப்பு. பாத்தியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் திரும்பி, "எத்தினி சொட்டு வந்துச்சு?" என்று கேட்டார்.

நான் அவரிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

"இருபத்தாறு" என்றேன்.

"அடேங்கப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை.

இப்போது ஆவணி. ஆடியில் விதைத்த கடலை பூத்திருக்கிறது. லீவு முடிந்து திரும்பிப்போனவர் ஒன்றரை வருடத்தை முடித்து வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நானும் அத்தையும் சேர்ந்தே சாப்பிடுகிறோம்.