நாலு பேர் அகலம்

காக்ஸ் டவுனில் நாங்கள் இருந்த வீட்டின் முன்கூடத்துச் சுவர், கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. காரை உதிர்ந்து ஈரம் பூத்துக் கிடக்கும். சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டவள், நெஞ்சு நோய் வந்து சாய்வு நாற்காலியோடு ஒடுங்கிப்போன வருஷத்தில் மறுபடியும் ஆரம்பித்தாள். ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். நான் அப்போது சின்னப் பெண்.

காரணம் பக்கத்து வீட்டுப் போட்டோ. எங்கள் சபைக் குடும்பங்களில் யாராவது இறந்துவிட்டால் போட்டோக்காரரைக் கூப்பிடுவார்கள். சவப்பெட்டியை முன்னால் வைத்து, குடும்பம் பின்னால் வரிசையாக நிற்கும். உயிரோடிருந்தபோது ஒரு படத்துக்கும் வழியில்லாதவர்களுக்குக்கூட இந்தப் படம் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவரின் படத்தை அவர் மருமகள் கொண்டுவந்து காட்டியபோது, அம்மா பெரியவரைப் பார்க்கவில்லை. பின்னால் ஆணியில் தொங்கிய குடையையும் உரிந்த சுவரையும்தான் பார்த்தாள்.

"மனுசன் போறப்ப பின்னாடி இந்தச் செவுருதானா?" என்றாள் பிறகு அப்பாவிடம்.

அம்மா கல்யாணத்துக்கு முன் ஒரு பங்களாவுக்குத் தையல் வேலைக்குப் போனவள். அங்கே சுவரில் மரச் சட்டங்கள் அடித்துக் கட்டம் கட்டமாக அழகு செய்திருப்பார்களாம். அதுபோல வேண்டும் என்றாள். கிறிஸ்துமஸ் வந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் என்று நினைத்து, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பங்களா மரத்துக்கு எங்களிடம் வசதி ஏது. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் மிஞ்சிக் கிடந்த பீடிங் என்ற மெல்லிய மரச்சட்டத் துண்டுகளை அப்பா மலிவாக அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்று பூவேலை, ஒன்று வரிவேலை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அம்மா மடியில் போட்டுப் பிரித்து, ஒரே மாதிரியான நீளத் துண்டுகளை நடுக் கட்டத்துக்கு ஒதுக்கினாள். எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்துவிட்டால் வித்தியாசம் யாருக்குத் தெரியும் என்றாள்.

நடுக் கட்டத்தின் அகலத்துக்கு எங்களையே அளவுகோலாக்கினாள். அப்பா, அண்ணன், நான், தம்பி நால்வரும் தோளோடு தோள் ஒட்டிச் சுவரோரம் நின்றோம்.

"நீங்க நாலு பேரு நிக்கற அகலம் போதும்."

"நீ எங்கம்மா நிப்ப?" என்றேன்.

"நான் முன்னாடி இருப்பேன்டி."

குரூப் போட்டோவில் பெரியவர்கள் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார்கள்; சரி என்று விட்டுவிட்டேன். அப்பா மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அப்பா தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். அவர் கத்தரி வைத்த துணியில் அளவு தப்பியது என்று யாரும் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவர் நடுக் கட்டத்தை ஓர் ஆள் அகலம் கூட்டி வெட்டிவிட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"நான் சொன்ன அளவு இன்னா, நீங்க வெட்டியிருக்கறது இன்னா? பீடிங்கே பத்தாம கெடக்குது."

"வெட்டியாச்சு. இனிமே கொறைக்க முடியாது."

"ஏன் முடியாது?"

அப்பா ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டார். அம்மா இருமினாள். பிறகு அழுதாள். பாழாய்ப்போன மரத்துண்டுக்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நீளமாக வெட்டிவிட்ட மரத்தை எப்போது வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

மூலைகள் சேராத இடங்களில் அப்பா சுண்ணாம்புத் தூளும் வஜ்ரப் பசையும் குழைத்து அடைத்தார். வெள்ளை காய்ந்ததும் நிஜமாகவே பங்களாச் சுவர் போல ஆகிவிட்டது. அம்மா நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை. பெட்டியை அந்தச் சுவருக்கு முன்னால்தான் வைத்தார்கள். அழுது அழுது எனக்கு விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. அப்பா எங்கள் மூவரையும் நடுக் கட்டத்தின் ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு, தான் மறு ஓரத்தில் போய் நின்றார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"கொஞ்சம் சேந்து நில்லுங்க சார். நடுவுல எடம் விட்டுட்டீங்க பாருங்க."

அப்பா நகரவில்லை. காதில் விழவில்லையோ என்று நான் அவர் பக்கம் ஓர் எட்டு வைத்தேன். அளவு தப்பியதால் வந்த இடைவெளியை அடைத்துவிட்டால் அம்மாவின் சுவர் படத்தில் நன்றாக விழுமே என்றுதான். அப்பா கையை நீட்டி என்னைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார். அந்த இடம் யாருக்கு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.