ஜங்ஷன் முனையிலிருந்து பிடுங்கியவர்

காயலான் கடைக்கு வரும் எந்த இரும்பையும் ஷஃபியுல்லா பாய் முதலில் தராசில் ஏற்றுவதில்லை. சுத்தியலால் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்பார். "ரயில் இரும்புடா இது. மணி மாதிரி பேசுது பாரு." சிந்தாதிரிப்பேட்டையில் காதை வைத்து வியாபாரம் செய்பவர் அவர் ஒருவர்தான். மூன்றாம் வகுப்பு தாண்டாத மனிதர் மூன்று மாடி கட்டினார் என்றால் சும்மாவா?

அந்த மாடிகள் எழுந்தது ஒரு ரயில் பாதையின் மேல். நாற்பது வருஷத்துக்கு முன் மலையடிவாரத்து இரும்புச் சுரங்கம் ஒன்றை மூடினார்கள். அதற்காகப் போட்டிருந்த பதினோரு மைல் கிளைப்பாதையை ஏலம் எடுத்தவர் பாய். கடைக்கு வரும் எவரும் அந்தச் சரித்திரத்தைக் கேட்காமல் போக முடியாது.

போன வாரம், தள்ளுவண்டிக்கு இரும்புச் சட்டம் வாங்க வந்த தேவானைக்கும் அது கிடைத்தது.

"மத்தவன்லாம் சொரங்கத்து முனைலேர்ந்து புடுங்கிக்கினு வருவான். அந்த லைன்லயே ரயில் உட்டு சாமானை இட்டாருவான். ரயில்காரனுக்கு வாடகை அழுவணும். நான் இன்னா பண்ணேன்? ஜங்ஷன் முனைலேர்ந்து ஆரம்பிச்சேன். புடுங்கின தடத்துலயே லாரி உட்டேன். முப்பதே நாளு! சொரங்கத்தாண்ட கடேசி ஸ்டேஷன்ல காஞ்சு கெடந்த தண்ணித் தொட்டியக்கூட உடல."

தேவானை கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்தாள்.

"அது எங்க தொட்டி பாய். எங்கப்பா அங்க தண்டவாளம் பாத்துக்கிட்ட கேங்மேன். செவ்வாக்கெழம ரயில்லதான் தண்ணி வரும். பிடுங்க வர்ற ரயில்லயே சட்டி பானை ஏத்திக்கிட்டுப் போயிடலாம்னு உக்காந்திருந்தோம். ரெண்டு செவ்வா ஆச்சு, வண்டியே வரல. ஜங்ஷன் பக்கம் தண்டவாளமே இல்லன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாயின் வாயில் பாக்கு அப்படியே நின்றது.

"நான் வந்தப்போ அங்க ஆளே இல்லியேம்மா. காலியா கெடந்துச்சே?"

"காலியாத்தான் இருக்கும். சொரங்கக் குழித் தண்ணியக் குடிச்சுத் தம்பி போயிட்டான். அவனப் பொதைச்சுட்டு குறுக்கு வழியா ஜங்ஷன் வரைக்கும் நடந்தோம்."

எத்தனை கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரித்த கதை! மறுமுனையில் யார் இருந்தார்கள் என்று ஒருவனும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. சுத்தியலை வைத்துவிட்டு எழுந்தார்.

"இன்னா வயசு, புள்ளைக்கு?"

"ரெண்டு முடியல."

பாய் உள்ளங்கையைத் தரையைப் பார்க்க விரித்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, இவ்வளவு உயரமா என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

தேவானை அந்தக் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள்.